வசந்தத்தில் கேட்ட இலையுதிர்கால மருந்து

மூவாய்க்கால் கிராமம், நிங்ஷியா
8 மார்ச் 1984

அன்புள்ள ஷூவென் அக்காவுக்கு,

நானும் தியான்பாவும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஹாங்சோவில் மழை பிடித்திருக்கும், ஈரத்தில் உட்காராதே.

பஞ்சாங்கத்தில் பூச்சிகள் விழிக்கும் நாள் வந்துபோய் மூன்று நாளாகிறது. இங்கே விழித்தது மணல்தான். காலையில் துடைத்த கரும்பலகையில் மதியம் விரலால் எழுதலாம்.

ஒரு நல்ல செய்தி. இந்த ஆண்டு எங்கள் மாவட்டத்தில் தற்காலிக ஆசிரியர்கள் ஏழு பேரை நிரந்தரமாக்குகிறார்கள். ஜூன் பத்தாம் தேதி எழுத்துத் தேர்வு, ஜூலையில் உடல் பரிசோதனை. தலைமையாசிரியர் பாய் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "யாவ்சின் டீச்சர், இந்தத் தடவை விட்டா உங்களுக்கு வயசு தாண்டிடும். பாத்துக்கோங்க." பதினெட்டு வயதில் நகரத்துப் பிள்ளைகளோடு ரயிலேறி இங்கே வந்தவள் நான். பதினாறு வருஷமாக இதே வகுப்பறையில் நிற்கிறேன். இன்னும் என் பெயர் பென்சிலில்தான் எழுதப்பட்டிருக்கிறது. இந்த முறை மையில் ஏறிவிடும் என்று தோன்றுகிறது.

தொண்டைதான் காய்ந்து கிடக்கிறது. நீ இலையுதிர்காலத்தில் செய்வாயே, பேரிக்காயும் லில்லிக் கிழங்கும் போட்ட கஷாயம், அதற்கான சரக்கு கொஞ்சம் அனுப்பு. இருமலைச் சட்டென்று அடக்குகிற பொடி ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு. தியான்பாவ் கேலி செய்கிறார்: "டிராக்டருக்கு எண்ணெய் போடறாப்ல வாத்தியாரம்மா தொண்டைக்கும் போடணும்போல."

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
யாவ்சின்


ஹாங்சோ
21 மார்ச் 1984

அன்புள்ள யாவ்சின்,

என் முழங்கால் மழையை இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிடுகிறது, மற்றபடி நலம். உன் செய்தியைப் படித்துவிட்டு மருத்துவமனை வராந்தாவில் ஒருமுறை நடந்துவிட்டு வந்தேன். நன்றாகப் படி.

இரவும் பகலும் சமமாகிவிட்டன. ஆனாலும் உன் ஊரில் பஞ்சுச் சட்டையை அவசரப்பட்டுக் கழற்றாதே. இடுப்புக்குக் கீழே இன்னும் சூடு வேண்டும். புளிப்பைக் குறைத்துக் கொஞ்சம் இனிப்பைச் சேர். விடிந்ததும் எழுந்து, கூந்தலை அவிழ்த்துவிட்டு முற்றத்தில் நட. வசந்தம் கல்லீரலின் காலம். கோபத்தை உள்ளே அடைத்து வைக்காதே. அதற்காகக் கட்டிய கணவர் தியான்பாவ் தலையில் கொட்டவும் செய்யாதே.

கேட்ட சரக்கை அனுப்பியிருக்கிறேன். லோக்காட் இலையின் பின்புறம் பூனைமயிர் போல இருக்கும், அதைத் துடைத்துவிட்டுக் காய்ச்சு. பொடி பத்து நாளைக்கு மட்டும்.

ஒன்று உறுத்துகிறது. நீ கேட்டிருப்பது இலையுதிர்காலத்து மருந்து. நுரையீரல் காய்வது அந்தக் காலத்தில். வசந்தத்தில் அதைக் கேட்டு என்னிடம் யாரும் வருவதில்லை. உன் நாடியை அஞ்சலில் அனுப்ப முடியாது. அதனால் நான் எல்லோரிடமும் கேட்கிற பத்தையும் உன்னிடம் கேட்கிறேன். குளிரோ காய்ச்சலோ உண்டா? வியர்வை எப்போது வருகிறது? தலை, உடம்பு வலி? மலம், சிறுநீர்? பசி? நெஞ்சு? காது? தாகம்? தூக்கம்? மாதவிலக்கு? பிறகு கண்ணாடி முன்னால் நின்று நாக்கைப் பார்த்து எழுது.

அக்கா
ஷூவென்


மூவாய்க்கால்
9 ஏப்ரல் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் முழுசாக வந்து சேர்ந்தது. நாங்கள் நலம். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், கோஜிச் செடிகள் துளிர்த்துவிட்டன. தியான்பாவ் விடிந்து போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறார்.

உன் பரீட்சைக்கும் உட்கார்ந்துவிட்டேன். தலை வலியில்லை. உடம்பு அலுப்பு, அது எந்த டீச்சருக்கு இல்லை? மலம், சிறுநீர் இரண்டும் உன் மருத்துவமனை மெச்சுகிற ஒழுங்கில் நடக்கின்றன. பசி கொஞ்சம் மந்தம். நெஞ்சில் ஒன்றுமில்லை. காது நன்றாகக் கேட்கிறது, கடைசி பெஞ்சில் யார் என்னைப் போல் பேசிக்காட்டுகிறார்கள் என்பது வரைக்கும். தாகம் உண்டு. தூக்கம் பரவாயில்லை. மாதவிலக்கு இரண்டு மாதமாகக் குறைவு. நாக்கு எங்கள் ஊர்க் கோஜிப்பழம் போலச் சிவப்பு, மேலே படிவு இல்லை.

பொடி அருமையாக வேலை செய்தது. தீர்ந்துவிட்டது, இன்னும் அனுப்பு. தேர்வு வரைக்கும் தாங்குகிற அளவுக்கு.

இந்த ஊர்த் தூசியில் போர்வை உறையை வாரத்துக்கு மூன்று முறை துவைக்க வேண்டியிருக்கிறது. நீல ரவிக்கையைப் பிடித்துத் தைத்துக்கொண்டேன். பாடத்தை இப்போதெல்லாம் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்கிறேன். நாற்பத்தாறு பேரும் சேர்ந்து வாசித்தால் கூரை எழும்பும். நான் உட்கார்ந்து கேட்கிறேன். சாயங்காலம் என் கன்னம் சிவந்திருப்பதைப் பார்த்துத் தியான்பாவ், "என்ன, புதுப்பொண்ணாட்டம் இருக்க," என்கிறார்.

அதிக நேரம் நிற்காதே. முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

யாவ்சின்


ஹாங்சோ
24 ஏப்ரல் 1984

யாவ்சின்,

நீ நலமென்று எழுதியதை நம்ப விரும்பினேன். முடியவில்லை.

பத்துக் கேட்டேன், எட்டுக்குப் பதில் வந்திருக்கிறது. காய்ச்சலை விட்டுவிட்டாய். வியர்வையை விட்டுவிட்டாய். நீ மறக்கிறவள் இல்லை. மாணவன் விட்டுவிட்ட கேள்வியில்தான் அவனுக்கு என்ன தெரியாது என்பது தெரியும் என்று நீயே ஒருமுறை எழுதியிருக்கிறாய்.

போர்வை உறையைத் தூசிக்காக யாரும் வாரம் மூன்று முறை துவைப்பதில்லை. நனைந்தால்தான் துவைப்பார்கள்.

பொடி அனுப்பவில்லை. இனி அனுப்பவும் மாட்டேன். மாவட்ட மருத்துவமனைக்குப் போய் நெஞ்சுப் படம் எடு. சளியைச் சோதிக்கக் கொடு. இந்த வாரமே போ.

தானிய மழை நாள் கழிந்துவிட்டது. ஈரமண்ணில் வெறுங்காலோடு நடக்காதே.

ஷூவென்


மூவாய்க்கால்
10 மே 1984

அக்காவுக்கு,

நலம்.

இங்கே தபால்காரர் கடிதங்களைப் பள்ளிக்கூட மேசையில்தான் போட்டுவிட்டுப் போகிறார். இனிமேல் இப்படி எழுதாதே. ஒரு வார்த்தை வெளியே போனால் ஏழு இடத்துக்குக் காத்திருக்கிற முப்பத்தெட்டு பேரில் முப்பத்தேழு பேருக்கு வழி பிறந்துவிடும்.

இது வறட்சி, அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷமாக நாடி பிடிக்கிறவள், தங்கைக்கு மட்டும் மெஷினைக் கைகாட்டுகிறாய். உன் கைமேல் உனக்கே நம்பிக்கை போய்விட்டதா?

ஜூலைப் பரிசோதனை முடியட்டும். அதற்குப் பிறகு நீ சொல்கிற படமெல்லாம் எடுத்துக்கொள்கிறேன்.

யாவ்சின்


ஹாங்சோ
19 மே 1984

அன்புள்ள யாவ்சின்,

இந்தக் கடிதத்தைத் தியான்பாவ் வேலை செய்கிற தோட்டத்து முகவரிக்கு அனுப்புகிறேன். பள்ளிக்கூட மேசைக்கு வராது.

என் கைமேல் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டாய். உன் அத்தான் எப்படிச் செத்தார் என்று உனக்குத் தெரியாது. ஒரு வாரக் காய்ச்சல் என்று எழுதினேன். அது பொய்.

எழுபத்தாறில், செப்டம்பர் வெண்பனி நாளன்று மிங்தேவுக்கு இருமல் தொடங்கியது. அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர், ஈயத்தூசி என்றார். நான் இலையுதிர்கால வறட்சி என்றேன். பேரிக்காயைக் குடைந்து கற்கண்டு போட்டு ஆவியில் வைத்துக் கொடுத்தேன். லில்லிக் கிழங்கு, லோக்காட் இலை, நீ கேட்ட அதே சரக்குதான். குடித்துவிட்டு, "உன் கையால குடிச்சாலே பாதி சரியாயிடுது," என்பார். பாதி சரியாகவும் செய்தது. இருமல் அடங்கியது, உள்ளே இருந்தது அடங்கவில்லை. ராத்திரி வியர்வையில் போர்வை நனைந்தது. நான் உறையை மாற்றினேன். சாயங்காலம் கன்னம் சிவந்தது. நான் பார்த்தேன். ஆள் தேறாதபோது பருவத்தைக் குறை சொன்னேன். இந்த வருஷம் மழை குறைவு, வறட்சி அதிகம் என்றேன்.

நவம்பரில், குளிர்காலம் தொடங்கிய அன்று, துப்பியதில் இரத்தம் வந்தது. அப்போதுதான் படம் எடுத்தோம். இரண்டு பக்கமும் போயிருந்தது. பிப்ரவரியில் அவரும் போனார்.

நம் மருத்துவம் பொய்யென்று சொல்லவில்லை. அது உடம்பைத் தாங்கிப் பிடிக்கும். அந்தக் கிருமியைக் கொல்கிற ஊசியும் மாத்திரையும் வேறு இடத்தில் இருந்தன. பஸ்ஸில் நான்கு நிறுத்தம். என் நோயாளி ஒருவர் அப்படி இருமியிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பேன். கணவர் என்பதால் கண்ணை மூடிக்கொண்டேன். ஏழு வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

உனக்கு எதிரே நாற்பத்தாறு குழந்தைகள் வாயைத் திறந்து வாசிக்கிறார்கள். நீ உட்கார்ந்து இருமுகிறாய்.

தலைமையாசிரியர் பாய்க்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். ஜூன் இருபத்தொன்று, கோடை நடுநாள் வரைக்கும் அனுப்ப மாட்டேன். அதை நீயே சொல்வதுதான் முறை.

அக்கா


மூவாய்க்கால்
20 ஜூன் 1984

மரியாதைக்குரிய ஷூவென் அக்காவுக்கு, தியான்பாவ் எழுதிக்கொள்வது.

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் மன்னிக்கவும்.

உங்கள் கடிதத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். மறுநாளிலிருந்து மரத்தடியில் வகுப்பு நடத்தினாள், பிள்ளைகளுக்குக் காற்று வேண்டும் என்றாள். வீட்டில் மட்டும் பேச்சு நின்றுபோனது. நான் என்ன தப்பு செய்தேன் என்று தெரியாமல் சும்மா இருந்தேன்.

பத்தாம் தேதி காலையில் இரண்டு பென்சிலும் இரண்டு ரொட்டியும் எடுத்துக்கொண்டு தேர்வுக்குக் கிளம்பினாள். சாயங்காலம் வந்தாள்.

"பரீட்சை எப்டி?" என்றேன்.

"எழுதல."

"ஏன், பஸ் தவறிடுச்சா?"

"கிட்ட வராதீங்க. அங்கயே உக்காருங்க, சொல்றேன்," என்றாள்.

தேர்வுக்கூடத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, அவளும் தேர்வுக்கு வந்தவள்தான். இவள் இருமியதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், "அக்கா, வெயில்ல உக்காராதீங்க, இப்டி ஒட்டி உக்காருங்க," என்று நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறாள். குழந்தை இவள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டதாம். இவள் அந்த விரல்களை எடுத்துவிட்டு எழுந்திருக்கிறாள். மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். இவள் தெருவைத் தாண்டி மருத்துவமனைக்குப் போய்விட்டாள்.

நெஞ்சுப் படத்தில் வலது பக்கம் இலந்தைப்பழ அளவு ஓட்டை. சளியிலும் கிருமி இருக்கிறது.

அன்று நான் அழுதேன், அக்கா. அவள் அழவில்லை. "நீங்களும் படம் எடுக்கணும்," என்றாள். எடுத்தேன், எனக்கு ஒன்றுமில்லை.

மறுநாள் பாய் ஐயாவிடம் போய்ச் சொன்னாள். பிறகு நாற்பத்தாறு வீட்டுக்கும் நடந்தாள். மூன்று நாள் ஆனது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு, வாசலிலிருந்து பத்தடி தள்ளி நின்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள்: "எனக்குக் காசநோய். ஏப்ரல்லயே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. சொல்லாம இருந்துட்டேன். உங்க புள்ளையக் கூட்டிட்டுப்போய் சோதிச்சுப் பாருங்க." ஏப்ரல் என்பதை விட்டுவிட்டுச் சொல்லேன் என்று நான் வழியில் கெஞ்சினேன். கேட்கவில்லை. சிலர் தண்ணீர் கொடுக்க வந்தார்கள். சிலர் திட்டினார்கள். ஒரு வீட்டில் அம்மா கதவைச் சாத்திவிட்டாள்.

எல்லாப் பிள்ளைகளையும் சோதித்துவிட்டார்கள். இரண்டு பேருக்கு வந்திருக்கிறது. ஒருத்தி அந்தக் கதவு சாத்திய வீட்டுப் பெண், ஹுய்பிங், பத்து வயசு. ஆரம்பம்தான், குணமாகும் என்கிறார் டாக்டர்.

யாவ்சின் இப்போது மாவட்ட மருத்துவமனையில் இருக்கிறாள். உங்களுக்கு எழுதச் சொல்லவில்லை. நானாக எழுதுகிறேன்.

தம்பி
தியான்பாவ்


ஹாங்சோ
8 ஜூலை 1984

அன்புள்ள யாவ்சின்,

தியான்பாவின் கடிதம் வந்தது. அவரைப் போன்ற ஒருவர் உன் பக்கத்தில் இருப்பதால் எனக்குத் தூக்கம் வருகிறது.

மாத்திரையை ஒரு வேளைகூட விடாதே. உடம்பு தேறியது போலத் தோன்றும்போதுதான் ஆட்கள் விட்டுவிடுவார்கள். அதற்குப் பக்கத்தில் வைக்கிற அளவுக்குத்தான் என் பேச்சு: கோடையில் லேட்டாகப் படுக்கலாம், விடிந்ததும் எழுந்துவிடு. மதியம் கொஞ்சம் கண்ணை மூடு. பச்சைப்பயற்றுக் கஞ்சி வெதுவெதுப்பாகக் குடி, கிணற்று நீரில் குளிரவைக்காதே. பகல் நீளமாக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்ளாதே.

உன்னிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. கோடை நடுநாள் வரை பதில் இல்லை. தியான்பாவின் கடிதம் அப்போது வழியில் இருந்திருக்கிறது. அன்று மதியம் பாய்க்கு எழுதிய அந்த உறையைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.

அக்கா


மூவாய்க்கால்
9 அக்டோபர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

ஆகஸ்ட் கடைசியில் வீட்டுக்கு வந்துவிட்டேன். எடை நான்கு கிலோ கூடியிருக்கிறது. தியான்பாவ் நலம். உன் முழங்காலைப் பற்றி ஆறு மாதமாகக் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்.

கோபத்தில்தான் எழுதவில்லை. நானே போய்ச் சொன்ன பிறகு உன் கடிதம் வந்து, நீ சொல்லித்தான் நான் சொன்னேன் என்று ஆகிவிட்டதே என்று எரிந்தேன். படுத்துக்கொண்டே எரிவதற்கு மருத்துவமனையில் நேரம் நிறைய.

போன வாரம் பாய் ஐயா வாசலுக்கு வந்தார். உன் உறையைக் கொடுத்தார். பிரிக்கவே இல்லை.

"உங்க அக்கா கையெழுத்து. நீங்கதான் எல்லாத்தையும் சொல்லிட்டீங்களே, இதுல நான் புதுசா தெரிஞ்சுக்க என்ன இருக்கு?" என்றார்.

பிரித்துப் படித்தேன். நோயைப் பற்றி இரண்டு வரி. மீதி ஒரு பக்கம் முழுக்க என்னைப் பற்றி. ஆறு வயதில் பக்கத்து வீட்டுக் கோழிகளை வரிசையாக நிறுத்திப் பாடம் நடத்தினேன் என்பதெல்லாம் ஒரு தலைமையாசிரியருக்குத் தேவையா? கடைசியில், குணமானதும் வகுப்பைத் திருப்பிக் கொடுங்கள், அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்காது என்று எழுதியிருக்கிறாய்.

அதற்குப் பிறகு கோபப்பட ஒன்றுமில்லை.

மிங்தே அத்தானைப் பற்றி உனக்குப் பதில் எழுதவேயில்லை. இன்றும் எழுதத் தெரியவில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டாய். நானும் மூடிக்கொண்டேன், அதுவும் அத்தானைப் பற்றிய உன் கடிதம் கைக்கு வந்த பிறகும் பத்து நாள். ஹுய்பிங்குக்கு எந்த நாளில் ஒட்டியது என்று யாருக்குத் தெரியும்.

தேர்வில் அந்தக் கைக்குழந்தைக்காரி தேறிவிட்டாளாம்.

குளிர்பனி தொடங்கிவிட்டது. கழுத்தை மூடிக்கொள்.

யாவ்சின்


ஹாங்சோ
23 டிசம்பர் 1984

அன்புள்ள யாவ்சின்,

குளிர்கால நடுநாள் நேற்று. பக்கத்து வீட்டில் பசையரிசி உருண்டை கொடுத்தார்கள். இரண்டு சாப்பிட்டேன், அதற்கு மேல் என் மண்ணீரல் சம்மதிக்காது.

உன் இரண்டாவது படத்தில் ஓட்டை மூடியிருக்கிறது என்று தியான்பாவ் தந்தி அடித்தார். அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நாடி பார்த்தேன். மாத்திரை அடுத்த குளிர்காலம் வரைக்கும், மறந்துவிடாதே. சீக்கிரம் படு, வெயில் ஏறிய பிறகு எழுந்திரு. படுக்கும்முன் காலை வெந்நீரில் வை. ஆட்டிறைச்சியும் இஞ்சியும் போட்டு சூப் வைத்துத் தரச்சொல். உங்கள் ஊரில் ஆட்டுக்குப் பஞ்சமில்லை.

மூன்று வாரத்துக்கு மேல் இருமுகிறவர் வந்தால் இப்போது முதலில் படத்துக்குச் சீட்டு எழுதுகிறேன், பிறகுதான் மூலிகை. மற்ற டாக்டர்கள் கேலியை விடுவதில்லை. "ஷூவென் அம்மா, நாடி பாக்கறது மறந்துபோச்சா?" என்று நேற்று ஒருவர் கேட்டார். "மறக்கல. ரெண்டையும் பாக்கறேன்," என்றேன். ஜூலையிலிருந்து முப்பத்தொரு பேரை அனுப்பியிருக்கிறேன். நான்கு பேருக்கு இருந்தது. அவர்களில் ஒருவருடைய மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் மருந்துச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹுய்பிங் எப்படி இருக்கிறாள்? நீ எழுதவில்லை.

அக்கா


மூவாய்க்கால்
12 மார்ச் 1985

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். சளியில் கிருமி இல்லை என்று மூன்றாவது முறையும் சொல்லிவிட்டார்கள். விளக்குத் திருவிழா முடிந்து நேற்றுப் பள்ளி திறந்தது. பாய் ஐயா சாவியைக் கொடுத்தார். தற்காலிக ஆசிரியைதான், இனி எப்போதும் அப்படித்தான்.

பிள்ளைகள் வருவார்களா என்று தெரியாமல் நின்றேன். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். முப்பத்தொன்பது வரைக்கும் எண்ணினேன். மற்றவர்களை, நோய் வந்து தேறிய இன்னொரு பிள்ளையையும் சேர்த்து, வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்களாம். நான் கரும்பலகைப் பக்கம் சுவரோடு ஒட்டியே நின்றிருந்தேன்.

கடைசியாக ஹுய்பிங்கும் அவள் அம்மாவும் வாசலில் நின்றார்கள். அந்த அம்மா உள்ளே வந்து, முதல் பெஞ்சில் இருந்த பையனை எழுப்பி நகர்த்தி, மகளை அங்கே உட்காரவைத்தாள். புத்தகப்பையை மேசைமேல் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், இவ இங்கயே உக்காரட்டும். நோய் போயிடுச்சு. ஊசி போட்டதுல காது மந்தமாயிடுச்சு."

நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொவரோட நின்னு பேசினா இவளுக்குக் கேக்காது," என்றாள். "பக்கத்துல வந்து சொல்லிக்குடுங்க."

போனேன், அக்கா. பெஞ்சுக்கு எதிரே குனிந்து நின்று முதல் பாடத்தை வாசித்தேன். ஹுய்பிங் என் உதட்டையே பார்த்துக்கொண்டு வாசித்தாள். அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று பாடம் முடியும்வரை கேட்டுவிட்டுப் போனாள்.

உன் தங்கை
யாவ்சின்